சரிசெய்து கொடுத்த சூரியன்

ஆலங்காயத்துக் காடு எரிந்தால் ஆம்பூரில் எங்களுக்குக் கண் எரியும். எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில், கண்ணைக் கசக்கிக்கொண்டே எல்லோரும் மேற்கே பார்த்தோம். புகைக்குள் சூரியன் கண் கூசாமல், முழு வட்டமாக, அப்படியொரு சிவப்பில் இறங்கியது. அத்தனை அழகை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அதைப் பார்த்த வெளிநாட்டு வியாபாரி ஒருவர், தன் ஷூக்களுக்கு அதே நிறத்தில் தோல் வேண்டுமென்று கேட்டுவிட்டார். தோல் தொழிற்சாலையில் சாயம் கலப்பவர் என் மாமா. ஒரு முறை பார்த்தால் போதும், எந்த நிறத்தையும் பிசகாமல் கொண்டுவந்துவிடுவார் என்று பெயர். ஆனாலும், இந்த ஆர்டர் போனால் மெட்ராஸிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவரப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார் என்று அத்தை அம்மாவிடம் அழுதார். வியாபாரி திரும்பி வர மூன்று வாரம் இருந்தது.

அப்பேர்ப்பட்ட மாமா, தோஸ்த் ஒருவரிடம் கேமரா இரவல் வாங்கி, கலர் பிலிம் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பாலாற்று மணலுக்குப் போனார். மூன்று மாலை படம் எடுத்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு ஜாஸ்தியா, கம்மியா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் மழை பெய்து தீ அணைந்தது. பிலிம் மெட்ராஸ் போய்க் கழுவி வரப் பத்து நாள் ஆயிற்று. ஸ்டூடியோக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக உறையை நீட்டினார்.

"எல்லாமே ரொம்ப செவந்து போயிருந்துதாம் சார். லேப்ல கலரைச் சரிபண்ணிக் குடுத்துட்டாங்க."

மாமா படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார். எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு சூரியன்.

"இது இல்ல மாமா. இது மஞ்சளா இருக்குது."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நான் அவரிடம் போய்விடுவேன். தோல் துண்டில் சாயம் பூசி, காயவைத்து, நீட்டுவார். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஒரு சொட்டு சிவப்பு, அரைச் சொட்டு கறுப்பு என்று மறுபடி தொடங்குவார். நாற்பது துண்டுக்கு மேல் இருக்கும். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. கடைசியில் ஒரு துண்டைக் கண்டதும் துள்ளிக் குதித்தேன். ஆற்றில் பார்த்த அதே சூரியன் மாமாவின் உள்ளங்கையில் இருந்தது. வியாபாரியும் மறுபேச்சில்லாமல் ஆர்டர் கொடுத்தார். என் மாமாவைப் போல் வேலைக்காரர் உலகத்திலேயே கிடையாது என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டு வருடம் கழித்து, மாமாவுக்கு வேலூரில் கண்புரை எடுத்தார்கள். தடித்த கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவர், முதல் வேலையாகப் பீரோவிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.

"இவ்ளோ செவப்பாவா இருந்துது, பாப்பா?"

தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்கிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். தான் கலந்த நிறத்தை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.