மூணாவது ஷிப்டுக்கு ஒரு மேடை

துண்டறிக்கை கொடுப்பவன் கை நீட்டினால், எதிரே வருகிறவருக்கு அந்த நிமிஷம்தான் செல்போன் அடிக்கும். தெருமுனையில் நின்ற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் கூலி உயர்வுக்காக நீண்ட என் கை, போன வருஷம் ஒரு ராக் பேண்டுக்காக நீண்டது.

லீவு நாள் சத்தம்

சங்கத்தின் கூலி உயர்வுக் கூட்டத்துக்கு ஆள் சொல்ல சோமனூர் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஒரு விசைத்தறிக் குடோனில் மட்டும் சத்தம். லீவு நாளிலும் ஓட்டுகிறார்களா என்று சண்டைக்குத் தயாராக நுழைந்தேன். கிடாரோடு ஒருவன், டிரம்ஸில் ஒருவன், நடுவில் பாடுகிற சரண்யா. மூவரும் தறித் தொழிலாளிகள். பேண்டின் பெயர் 'மூணாவது ஷிப்ட்'.

எல்லாம் சொந்தப் பாட்டு. தலையில் ஒட்டிய பஞ்சை நரை என்று நினைத்து, பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகிற பாட்டு ஒன்று. நான் நான்கு பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை அந்தப் பெண் நான்கு வரியில் பாடினாள். ஆனால் கல்யாணத்திலும் கோயில் நோம்பியிலும் சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்களாம். ஆயுத பூஜைக்குள் ஒரு மேடையாவது கிடைக்காவிட்டால் டிரம்ஸை விற்றுவிட்டுக் கலைந்துவிடுவதாக இருந்தார்கள்.

மேடைக்கு நான் பொறுப்பு என்றேன். சரண்யா யோசித்தாள்.

"உங்க கூட்டத்துக்கே ஆள் வர்றதில்லைன்னு எங்கப்பா சொல்லுவாருங்க."

அனுமதி

கூலிக் கூட்டத்தில் பேண்டின் பாட்டும் உண்டு என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார். இவர்கள் யாரை எதிர்க்கிறார்கள் என்று கேட்டார். யாரையும் இல்லை, பாட்டு மட்டும்தான் என்றேன். அவருக்கு என் மேல் சந்தேகம் அதிகமானது.

"ஏனுங்க, எதிர்க்க ஆளில்லாம உங்களுக்கு எதுக்குங்க மைக்கு?"

கமிட்டி

போலீஸ் ஒப்புக்கொண்டதை எங்கள் சங்கக் கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அது பணக்காரப் பிள்ளைகளின் கூச்சல் என்றார்கள். செல்போனில் பாட்டைப் போட்டேன். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. இவர்களுக்காகத்தான் நான் தடியடி வாங்கினேன். கடைசியில், நான் பேசும் நேரத்தையே பேண்டுக்குத் தந்துவிடுகிறேன் என்றேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. செயலாளர் பொன்னுசாமி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா டீ ஆறியிருக்காதுங்களே."

கூட்டத்தில்

முதல் பாட்டுக்கே கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் ஷட்டரை இறக்கினார். டிரம்ஸ் அடித்தவனின் கை தளர்ந்தது. சரண்யா என்னைப் பார்த்தாள். அப்போது தறிக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தார்கள். தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளி மந்தமான காதுகளுக்கு அந்த அளவு சத்தம் தேவைப்பட்டது. பஞ்சுப் பாட்டில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். முடிந்ததும் மறுபடி பாடச் சொன்னார்கள்.

தறிக்குப் பாவு நூல் ஓட்டும் ரங்கம்மா என் கூட்டம் ஒன்றையும் தவறவிட்டதில்லை. சத்தம் அதிகமா என்று அவரிடம் குனிந்து கேட்டேன்.

"இத்தன வருசத்துல மேடையில சொன்னது இன்னைக்குத்தாஞ் சாமி, என் காதுல உளுந்துச்சு."

மூணாவது ஷிப்ட் டிரம்ஸை விற்கவில்லை. அடுத்து தாராபுரத்தில் பாடுகிறார்கள், அவசியம் போய்க் கேளுங்கள், அங்கே நான் பேச மாட்டேன் என்று எழுதியே தருகிறேன்.