நீலகண்டன் கண்ட சிரிப்பு

வலியசாலையில் நீலகண்டன்கள் பல பேர். இவன் விசாலம் மன்னியின் இரண்டாவது பிள்ளை, ‘ஆராய்ச்சி’ நீலகண்டன். இவன் தாத்தா கோவில் உக்கிராணத்தில் உட்கார்ந்தே உத்தியோகம் பார்த்தவர். அப்பா லீவு போட்டே பென்ஷன் வரைக்கும் வந்தவர். சித்தப்பா ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகாமல் காலத்தை ஓட்டினார். அந்த வம்சத்தில் படுக்கையில் கிடப்பதற்கே ஃபெலோஷிப் வாங்கினவன் இவன் ஒருத்தன்தான்.

சிற்பத்தில் டாக்டர் பட்டம். பட்டம் வந்ததும் வேலைக்குப் போவான் என்று பெண்டாட்டி விஜயம் காத்திருந்தாள். டாக்டருக்கு மேலே போஸ்ட் டாக்டர் என்று ஒன்று உண்டு, அதற்கும் உதவித்தொகை தருவார்கள் என்றான். செத்த பிற்பாடும் படிக்க வழி இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு அவள் தன் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினாள்.

முதல் உதவித்தொகை தீர்ந்தது. அடுத்ததற்கு மனுப் போட்டான். விஜயத்தின் அண்ணா அனந்தநாராயணன் கரமனையில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். இதுவும் கிடைக்காவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து தன்னிடம் வந்து விடிகாலை வகுப்பு எடுக்க வேண்டும் என்று தங்கை புருஷனிடம் வாக்கு வாங்கிவிட்டார். அன்று முதல் நீலகண்டனுக்குப் பகல் தூக்கமே சரியில்லை.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டால், உனக்குப் புரியாது என்பான். மனுவைப் பரிசோதிக்கிற நிபுணர் ஸ்மிதா மேடம் நேரில் வந்து சிலையைப் பார்ப்பதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கூடத்தில் நடந்துகொண்டே அவன் ஒத்திகை பார்த்தபோதுதான் விஜயத்தின் காதில் விஷயம் விழுந்தது. தெருக்கோடி சாஸ்தா கோவில் மூலவர். அவர் உதட்டுச் சிரிப்பு.

“ஏன்னா, எந்தச் சிரிப்பைச் சொல்றேள்?”

“நம்ம சாஸ்தாவோட சிரிப்புதான். இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கும். வேற எந்தச் சிலையிலும் கிடையாது. இந்தத் தேசத்துச் சிற்பியோட கையாக்கும் அது.”

“நீங்க என்னிக்காவது நிர்மால்யம் தொழுதிருக்கேளோ?”

“விடியறதுக்கு முன்னாடி எந்த ஸ்காலர் எழுந்திருப்பான்? நீ போய் ரசத்தைப் பாரு.”

அவள் போய் ரசத்தைப் பார்த்தாள்.

நிர்மால்யம் என்றால், விடியற்காலை நடை திறந்ததும் முந்தின நாள் சாத்தினதையெல்லாம் களைகிற நேரம். சுவாமியைக் கல்லாகப் பார்க்க அது ஒன்றுதான் நேரம். பிறகு அபிஷேகம், அப்புறம் முகத்தில் சந்தனக்காப்பு. உள்ளே போட்டோவும் எடுக்க விடமாட்டார்கள். நீலகண்டன் கோவிலுக்குப் போனதெல்லாம் வெயில் ஏறின பிறகுதான்.

தீபாராதனைக்கு வரச் சொல்லி அவன் ஏற்பாடு செய்திருந்தான். ஸ்மிதா மேடமோ, வந்தது வந்தோம், நிர்மால்யமே தொழுதுவிடலாமே என்று போன் செய்துவிட்டாள். விஜயம் போர்வையை உருவித்தான் அவனை எழுப்ப வேண்டியிருந்தது. கோவில் வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான்.

அர்ச்சகர் தாணு போற்றி மாலையைக் களைந்தார். சந்தனத்தை வழித்துத் தண்ணீர் விட்டார். விளக்கு வெளிச்சத்தில் நின்றது, எத்தனையோ தலைமுறை எண்ணெயும் தண்ணீரும் தேய்த்து வழவழவென்று ஆக்கின ஒரு கல். கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. மூக்கு இல்லை. வாய் இருந்த சுவடே இல்லை, அம்மிக் குழவி மாதிரி.

ஸ்மிதா மேடம் வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“நீலகண்டன் சாரே, சிரி எவிடே?”

தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து உள்ளிருந்து போற்றி பதில் சொன்னார்: “சிரிப்போ? இருங்கோ, சந்தனம் அரைச்சு முடியட்டும், இப்ப வரைஞ்சுடறேன்.”

நீலகண்டன் வெளிச்சம் போதாது என்றான். கல்லில் உள்ள முகபாவத்தைத்தான் சந்தனம் எடுத்துக்காட்டுகிறது என்றான். அந்த அம்மாள் கைகூப்பித் தொழுதுவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவன், கூட வந்திருந்த பெண்டாட்டி மேல் பாய்ந்தான். தெருவுக்கே தெரிந்த விஷயம், அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

“ரசத்தைப் பார்க்கச் சொன்னேள். பார்த்தேன்,” என்றாள் விஜயம்.

உதவித்தொகை வரவில்லை. இப்போது இருட்டிலேயே எழுந்து, குளித்து, கரமனைக்கு நடக்கிறான். சரியாக அவன் கடக்கிற நேரத்தில் சாஸ்தா கோவில் நடை திறந்திருக்கும். தொழுதுவிட்டுப் போகக் கூடாதோ என்று போற்றி கூப்பிடுவார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போய்விடுகிறான்.