அளக்காத வலப்பக்கம்

மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘அளந்தியா’. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு அவர்கள் நிற்கும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். நீ அளந்தியா, இல்லை நீயாக நினைத்துக்கொண்டு போட்டியா? அந்தக் கேள்விக்கு அழுதவர்கள் உண்டு. கட்டடக் கலைப் பள்ளிக்கு டீன் ஆன பிறகும் நான் அதை விடவில்லை. ஆனால் அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் என்னையே நான் கேட்டுக்கொள்வதுபோல் இருக்கும்.

காரணம் கோலாலம்பூருக்கு மேற்கே கிள்ளானில் இருந்தது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கும், கீழே கடையும் மேலே வீடுமான இரண்டு பழைய கடைவீடுகள். ஆய்வு மாணவியாக இருந்தபோது அவற்றை அளந்து வரையப் போனேன். இடப்பக்கம் மளிகைக் கடை. கடைக்காரர் தேநீர் கொடுத்து, ஏணியும் பிடித்துக்கொண்டார். மாடிவரை நாடா போட்டு அளந்தேன். வலப்பக்க வீட்டில் ஒரு கறுப்பு நாய். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்தில் நாய் துரத்திச் சாக்கடையில் விழுந்தவள் நான். மூன்று நாள் அந்த வாசல்வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் போகவில்லை. ஒரே கொத்தனார் கட்டியது, முகப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, உள்ளே மட்டும் என்ன மாறிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இடப்பக்கம் வரைந்த டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்தையும் வரைந்துவிட்டேன். இடப்பக்கத்தில் நடுவே பலகைத் தடுப்பு இருந்தது. வலப்பக்கத்திலும் ‘பலகைத் தடுப்பு’ என்று அழகான எழுத்தில் எழுதினேன்.

அந்த ஆய்வு புத்தகமாயிற்று. புத்தகம் பேராசிரியர் பதவியைத் தந்தது, பதவி இந்த நாற்காலியைத் தந்தது. யாரும் சரிபார்க்கவில்லை. நாய் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். நான்தான் இன்னும் அதற்குப் பயந்துகொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு காலை, தர ஆய்வுக் குழு எங்கள் பள்ளியைப் பார்வையிட வரவிருந்த வாரம், கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் என் பழைய மாணவன், இப்போது கட்டடக் கலைஞன். படத்தில் அந்த வலப்பக்க வீட்டின் உட்புறம். சுவரில் என் புத்தகப் பக்கத்தின் நகல். பக்கத்தில் பெரிய சுத்தியலோடு இரண்டு தொழிலாளிகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கீழே எழுதியிருந்தான்: “புரொஃப், உங்க டிராயிங்கை வச்சுத்தான் வேலை. மத்தியானம் நடுத் தடுப்பை எடுக்கிறோம்.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது பலகையாக இல்லாவிட்டால்? கூரையைத் தாங்கும் சுவராக இருந்தால்? சிரித்துக்கொண்டிருந்த அந்த இருவரின் தலைக்கு மேல்தான் கூரை இருந்தது. ஐந்து முறை அழைத்தேன், அவன் எடுக்கவில்லை. செயலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் வழக்கம்போல் ஜாம். சுங்கை வே தாண்டவே அரை மணி நேரம் ஆயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதுகூட நான் ஒரு பொய்யைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்புக்காக இன்னொரு தடவை பார்த்துக்கொள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாதா? உண்மையைச் சொன்னால் புத்தகம் போகும், பதவி போகும், ஆய்வுக் குழு முன்னால் பள்ளியின் மானமும் போகும். கூரை விழும் பயம் ஒரு பக்கம், நான் விழும் பயம் மறுபக்கம். எது பெரிது என்று அந்த ஒரு மணி நேரம் எனக்கே தெரியவில்லை.

நான் போனபோது சுவர் நின்றுகொண்டிருந்தது. சாந்தை மட்டும் உதிர்த்திருந்தார்கள். உள்ளே சிவப்பாகச் செங்கல் தெரிந்தது. அவன் ஓடி வந்து, சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டான். பிறகு செங்கல்லைத் தட்டிக் காட்டினான்.

“உங்க டிராயிங்ல பலகைன்னு இருக்கு புரொஃப். பின்னால யாரோ செங்கல் வச்சுக் கட்டிட்டாங்க போல. உடைச்சிடலாம்லா?”

கண்ணெதிரே செங்கல் இருக்க, அவன் என் தாளை நம்பினான். நான் சொல்லவிருந்த பொய்யைவிட நல்ல பொய்யை அவனே என் கையில் கொடுத்துவிட்டான். மேலே பார்த்தேன். சீலிங் பலகை மறைத்திருந்தது. தொழிலாளி ஒருவர் சுத்தியலைத் தோளில் மாற்றிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொடாதீங்க. இந்தப் பக்கத்தை நான் அளக்கவே இல்ல. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.”

அவன் முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். பிறகு தொழிலாளிகளை வெளியே அனுப்பிவிட்டு, ஏணி வைத்து சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினான். கூரையைத் தாங்கும் உத்தரம் அந்தச் சுவரின்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அவனுடைய மூன்றாம் வருஷத்தில், பாதிக் கட்டடத்தை மட்டும் அளந்து மீதியைத் திருப்பிப் போட்டிருந்தான் என்று நான் அவனை ஃபெயில் பண்ணியிருந்தேன். எல்லோர் முன்னாலும். ஒரு வருஷம் திரும்பப் படித்தான். பாம்பின் கால் பாம்பறியும். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

இறங்கி வந்து என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“அன்னைக்கு எப்படி புரொஃப் கண்டுபிடிச்சீங்க? வேற யாருமே கண்டுபிடிக்கல.”

“இப்படித்தான்,” என்றேன். சுவரில் ஒட்டியிருந்த என் புத்தகப் பக்கத்தைக் காட்டினேன்.

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவன் சுவரிலிருந்து என் பக்கத்தைக் கிழிக்காமல் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தான். இடுப்பிலிருந்த நாடாவை உருவி, அதன் முனையை என்னிடம் நீட்டினான். நான் சுவர் மூலையில் வைத்துப் பிடித்தேன். எதிர் மூலையிலிருந்து எண்ணைப் படிக்க முடியாமல், கையை ஆட்டாமல் பிடிக்கச் சொன்னான். நானும் ஆட்டாமல் பிடிக்கத்தான் பார்த்தேன்.