கழுவிய வேர்கள்

ரப்பர் விவசாயிக்கு வேரில் வெள்ளை நூலைக் கண்டாலே குலை நடுங்கும். அந்த நூல் ஒரு பூஞ்சை; அது கொண்டுவரும் வெள்ளை வேர் நோயில் என் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவன் நான்.

அதனால்தான், திற்பரப்பில் ஓடைக்கரையில் நடுவதற்கு, நாற்றங்காலில் வேலை பார்க்கும் செல்வி காட்டுமண்ணோடு கொடுத்த குங்கிலிய மரக்கன்றுகளில் அதே போன்ற நூலைப் பார்த்ததும் வேர்களைத் தேய்த்துக் கழுவினேன். மழை வந்துவிட்டதால் மூன்றை மட்டும் கழுவாமல் நட்டேன்.

கோடையில் கழுவியவை எல்லாம் கருகின. அந்த மூன்றும் பச்சையாக நின்றன.

செல்வி அவற்றில் ஒன்றின் அடிமண்ணை விரலால் விலக்கினாள். மயிரிழையைவிட மெல்லிய நூல்கள், வேர் போகாத தூரமெல்லாம் போயிருந்தன.

"இது நோய்ப் பூஞ்சை இல்ல அண்ணே, வேற. வேரு எட்டாத எடத்துத் தண்ணிய இதுதான் கொண்டு குடுக்குது."

மூச்சுவிடவும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காடு கோடையைத் தாண்டும் வழியையல்லவா நான் குழாயடியில் கழுவிவிட்டிருந்தேன்!

இப்போதெல்லாம் காட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறேன். எதன்மேல் கால் வைக்கிறேன் என்று தெரியும்.