லத்திபா மூடவிடாத கிணறு

கம்பத்தில் பழைய கட்டடம் எதையாவது இடிக்கப்போகிறார்கள் என்றால், ஜேசிபிக்காரனுக்குப் போன் போகும் முன்னால் லத்திபாவுக்குப் போகும். உத்தமபாளையம் ரோட்டில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிறவள். புருஷன் சலீம் மௌத்தானபோது, ஒரு பொம்பளை இதை எப்படி நடத்துவாள் என்று உதட்டைப் பிதுக்கியவர்களெல்லாம் இன்றைக்கு அவளிடம்தான் கதவு வாங்குகிறார்கள். கட்டடத்தை அவள் இடிப்பதில்லை, பிரிப்பாள். ஓடுகளை இறக்கி, உத்தரத்தைக் கழற்றி, செங்கல்லில் ஒட்டிய சுண்ணாம்பைக் கொத்தி அடுக்குவாள். மற்றவர்கள் இடித்தால் அத்தனையும் லாரியேறி வாய்க்கால் கரைக்குப் போகும். லத்திபா பிரித்தால் ஒரு கூடை மண்தான் மிஞ்சும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை.

அவளுக்கு ஒரு கோளாறு உண்டு. வேலையிடத்தில் கல்லோ ஓடோ கை நழுவி விழுந்தால் அப்படியே நின்றுவிடுவாள். உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டு முடிந்திருக்கும். அவள் காது மட்டும் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருக்கும். "அக்கா, தரையிலதான் விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்கள் வேலையைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது.

காரணம் ஊருக்கே தெரியும். பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் அவர்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், அந்த வளவுக் கிணற்றில் மகன் சதாம் விழுந்து இறந்துபோனான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம். விழுந்த சத்தத்தை அடுப்படியிலிருந்து அவள் கேட்டாள். கயிறு அறுந்து வாளி விழுந்துவிட்டது என்று நினைத்து, உலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

இப்போது அந்தக் கடைகளையெல்லாம் எடுத்துவிட்டுக் காம்ப்ளக்ஸ் கட்டப்போகிறார்கள். ஜவுளிக்கடைக்காரரின் மகன் ஆதித்தன் பிரிக்கிற வேலையை லத்திபாவுக்கே கொடுத்தான். மாட்டேன் என்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போனாள். வேலை நடந்த நாளெல்லாம் கிணற்றுக்கு முதுகைக் காட்டியே நின்றாள். முதுகை யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது போலிருந்தது. திரும்பவில்லை.

சுவரெல்லாம் தரைமட்டமான அன்று ஆதித்தன் வந்தான். எதற்கும் உதவாமல் மிஞ்சிக் கிணற்றோரம் குவிந்திருந்த உடைகல்லையும் மண்ணையும் காட்டினான்.

"இதெல்லாம் கெணத்துக்குள்ள தள்ளீருவோம்க்கா. லாரிச் செலவு மிச்சம். மேல கார் நிறுத்தத் தளம் போட்டுறலாம்." கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கும் மனசு ஆறும்ல" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான், பாவம்.

லத்திபா அப்போதும் கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. வாய் மட்டும் வியாபாரம் பேசியது.

"மூடாதீக தம்பி. பிளான் பாஸாகணும்னா மழைத்தண்ணிக்கு எப்படியும் குழி தோண்டச் சொல்லுவாக. மொட்டைமாடித் தண்ணிய இங்கன எறக்கிவிடுங்க. போன மழைக்கு பஜார்ல முழங்கால் தண்ணி நின்னுச்சே, மறந்துட்டீகளா? போர்க்குழாய்ல காத்துத்தான வருது?"

"அப்ப இந்த மண்ண எங்கக்கா கொட்ட?"

"நான் எடுத்துக்கிறேன். காமயகவுண்டன்பட்டியில திராட்சைத் தோட்டத்துக்குப் பாதை போடக் கேக்குறாக. லாரி என் பொறுப்பு."

"உங்களுக்கு நட்டமாப் போகுமே."

"போகட்டும்."

ஆதித்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். மகனை விழுங்கிய கிணற்றுக்காக வாதாடுகிற தாயை அவன் எங்கே கண்டான்? ஆனாலும் சரி என்று தலையாட்டினான்.

அவள் சொன்ன நியாயம் அத்தனையும் நிஜம்தான். சொல்லாமல் விட்டது ஒன்று. அன்றைக்குச் சதாமைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அசர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவது அங்கே வழக்கமில்லை. பிள்ளையை எங்கே அடக்கினார்கள் என்று சலீம் சொல்லிக் கேட்டதோடு சரி. சலீமும் இப்போது அங்கேதான். அவள் போய் நிற்கக்கூடிய இடம் என்று உலகத்தில் இந்தக் கிணறு ஒன்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் அதைவிட்டு ஓடியவளுக்கு, அதற்குள் கல்லைத் தள்ளப்போகிறார்கள் என்றதும் பொறுக்கவில்லை. பிள்ளைமேல் விழுமே, வலிக்குமே என்றுதான் தோன்றியது. அறிவுகெட்ட எண்ணம்தான். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் அறிவு எதற்கு?

காம்ப்ளக்ஸ் வந்துவிட்டது. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மூலையில் கனத்த கம்பி வலை, அதற்குக் கீழே கிணறு. ஐப்பசியில் ஒரு பிற்பகல் மழை வெளுத்து வாங்கியபோது லத்திபா குடையோடு வந்தாள். மாடிக் குழாய்களிலிருந்து தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வலைக்குப் பக்கத்தில் நின்று, சதாம் போனபிறகு முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு.

வாட்ச்மேன் சுருளிராஜன் வெளியூர்க்காரர், வேலைக்குப் புதுசு. பக்கத்தில் வந்தார்.

"யாரப் பாக்கணும்மா?"

"மகனை."

"எந்தக் கடையில இருக்காப்ல?"

"இங்கனதான்" என்றாள்.

சுருளிராஜன் மழையைப் பார்த்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து எடுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார்.

"மழை இப்ப விடாது. தம்பி வர்ற வரைக்கும் உக்காருங்கம்மா."

லத்திபா உட்கார்ந்தாள்.