சிங்கமுகம் வைத்த கிரில்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது. மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்து ஜன்னல்களில் பாதிக்கு மேல் அவர் அடித்த வலைதான். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் அளவெடுத்து அடித்தால் ஒரு கொசு மூக்கை நுழைக்க இடமிருக்காது. இந்த ஊர்க் கொசுவிடம் கடி வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். கோளாறு எங்கே என்றால், ஒரு வேலை உருப்படியாகத் தெரிந்துவிட்டதால் உலகத்திலுள்ள அத்தனை வேலையும் தனக்குத் தெரியும் என்று அந்த மனிதர் முடிவு கட்டிவிட்டார். மிக்ஸியைப் பிரிப்பார், இஸ்திரிப்பெட்டியைப் பிரிப்பார். பிரித்த எதுவும் இந்த வீட்டில் திரும்பப் பழைய உருவத்துக்கு வந்ததில்லை.

எங்கள் கார் பழையது. ஓட்டுவது நான். அவருக்கு ஸ்கூட்டரோடு சரி, காரில் கியர் எது பிரேக் எது என்று கேட்டால் முழிப்பார். எங்கள் தெருவில் ஆடுகளுக்குத்தான் முதல் உரிமை. ஒருநாள் நடுத்தெருவில் படுத்திருந்த ஆட்டுக்கு வழிவிட ரிவர்ஸ் எடுத்த ஒரு ஆட்டோ என் கார் மூக்கில் இடித்தது. முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் கிரில் பொடிப்பொடியாகப் போயிற்று. வேறு எதற்கும் சேதமில்லை. தோப்பும்படியில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரிஜினல் பீஸ் வரவழைத்துத் தருகிறேன், அதுவரைக்கும் இப்படியே ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது என்றார். நானும் அப்படியே ஓட்டினேன். முன்பல் விழுந்த கிழவி மாதிரி வண்டி பார்க்கச் சகிக்காதே தவிர, ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு அப்போது காரின் அழகைப் பற்றிக் கவலைப்பட நேரமும் இல்லை. வில்லிங்டன் தீவில் ஒரு கம்பெனி ஆபீஸில் மத்தியானச் சாப்பாடு கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், நாக்கு செத்துப்போய்க் கிடந்தார்கள். ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள், சரியாக இருந்தால் தொடர்ந்து உங்களுக்கே என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் வருடக்கணக்காக எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில், எவனோ ஒருவனுடைய பெயருக்கு நான் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தால் ஹோட்டலுக்குப் பெயர், உப்புக் கூடினால் எனக்கு வசவு. இனிமேல் என் அடுப்பில், என் பெயரில் சமைக்கப்போகிறேன் என்று நினைத்தபோதே எனக்குக் கண் கலங்கிற்று. அந்த ஆர்டர் எனக்கு வேண்டும். அவ்வளவுதான், வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் இவருக்கு ஞானோதயம் வந்தது.

"ஜன்னலுக்கு ஃப்ரேம் அடிக்கிறவனுக்கு ஒரு காருக்கு அடிக்கிறதா பெரிய காரியம்? அந்தப் பிளாஸ்டிக் சாமானுக்கு எதுக்குக் காத்துக் கெடக்கணும்? நான் ஒண்ணு பண்ணித் தாரேன். கொச்சியில வேற ஒருத்தன்கிட்டயும் இருக்காது, கேட்டோ" என்றார்.

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வீடு ஒர்க்ஷாப் ஆயிற்று. பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கார் மூக்கில் வைத்து அளவு வெட்டினார். ஜன்னல் வேலையில் மிஞ்சிய அலுமினியச் சட்டங்களை என் சமையல் மேடையில் வைத்து ரம்பத்தால் அறுத்தார். சாம்பார்ப் பொடிக்காக முறத்தில் காயவைத்திருந்த மல்லி முழுக்க அலுமினியத் தூள். கத்தினேன். "நாம அலுமினியப் பாத்திரத்துலதானே சமைக்கிறோம், கொஞ்சம் உள்ள போனா என்னா இப்ப?" என்று கேட்டார். மல்லியைத் தூரக் கொட்டிவிட்டு வேறு வாங்கினேன்.

நாள் முழுக்க கையில் போன். போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் வளவளவென்று பேசிக்கொண்டே கம்பியை வளைப்பான். இவருக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் "கரெக்ட், கரெக்ட்" என்று அவனுக்குத் தலையாட்டுவார். ரிவெட் அடித்தார், மொட்டைமாடியில் வைத்துக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தார். கொடியில் காய்ந்த என் வெள்ளைப் படுக்கைவிரிப்புக்கு அம்மை வார்த்தது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு அலங்காரம். யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை ஒன்றுக்கு வலை அடித்துக் கொடுத்தபோது, அந்தக் கடைக்காரர் பித்தளையில் ஒரு சிங்கமுகத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறார். வாயில் வளையம் கவ்விய சிங்கம். கதவில் தட்டுவதற்கு வைப்பார்களே, அது. வார்ப்பு கோணிப்போய் ஒரு கண் கீழே இறங்கியிருந்ததால் எந்தச் சுற்றுலாக்காரனும் வாங்கவில்லை. அதைக் கொண்டுவந்து கிரில்லுக்கு நட்டநடுவில் முடுக்கிவிட்டார். குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் வளையம் டக் டக்கென்று அடிக்கும். கார் போகிற போக்கில் ஊர்க் கதவைத் தட்டிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். என் தலையெழுத்து.

இவரையாவது மன்னிக்கலாம், பார்க்க வந்த கூட்டத்தை மன்னிக்கவே முடியாது. எதிர்வீட்டுச் சேட்டன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, "கிடிலன்!" என்று மெச்சினார். சொந்த வீட்டுக் குழாய் ஒழுகுவதை நிறுத்தத் துப்பில்லாத மனுஷன் அவர். வழிதவறி வந்த ஒரு சுற்றுலாக்காரி சிங்கத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், இவருக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிரில்லை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. "ஓட்டிக் காட்டு" என்றார். தெருமுனைவரை போய்த் திரும்பினேன். டக் டக்.

சனிக்கிழமை என் ஒரு வாரப் பரீட்சையின் கடைசி நாள். அதுவரை ஒரு குறையும் வந்திருக்கவில்லை. ஆபீஸில் ஒரு மதுரைக்காரப் பையன், அக்கா, எங்கம்மா ஞாபகம் வருது என்றுகூடச் சொல்லியிருந்தான். அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம், பாயசம். விடியும் முன்னே எழுந்து அடுப்பில் நின்றேன். இவர் வாசலில் காரோடு என்னமோ நோண்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஒரு சின்ன ஃபினிஷிங் பாக்கி இருந்துச்சு" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அதையெல்லாம் போய்ப் பார்க்க முடியுமா? பாத்திரங்களை ஏற்றினேன், கிளம்பினேன்.

தோப்பும்படிப் பாலத்தில் ஏதோ வேலை. ஒருபக்கமாக வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். ஊர்ந்து ஊர்ந்து பாலத்தின் நடுவுக்கு வரும்போது பார்க்கிறேன், சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த வண்டியில் நான் அதைக் கண்டதே இல்லை. அணைக்கலாமா என்று யோசிப்பதற்குள் பானெட்டிலிருந்து புகை. ஐயோ, சாம்பார் போச்சே என்றுதான் முதலில் தோன்றிற்று, கார் போச்சே என்று தோன்றவில்லை.

பின்னாலிருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். பானெட்டைத் திறந்தோம், முகத்தில் ஆவி அடித்தது. அவர் குனிந்து முன்பக்கம் பார்த்தார். கிரில்லின் துளையில் விரலை விட்டுத் தடவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சேச்சி, இதெந்தா? கொதுகுவலயோ?" என்றார்.

கொசுவலைதான். கிரில்லின் பின்பக்கம் முழுக்க, ஒரு இடைவெளி விடாமல், ஓரத்துக்கு ரப்பர் பீடிங் கொடுத்து விறைப்பாக இழுத்து அடித்திருந்தது, எஞ்சினுக்குக் காற்றுப் போக வழியில்லை. சொன்னேனே, அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

போன் போட்டேன்.

"வண்டி நின்னுபோச்சு. முன்னாடி வலை அடிச்சிருக்கீங்களா?"

"பின்னே? தூசி, இலை, பூச்சி எதுவும் ரேடியேட்டருக்குள்ள போகாது. ரெண்டு லேயர் போட்டிருக்கேன்."

"எஞ்சினைக் கொசு கடிக்குமாய்யா?"

"வலையைக் கிழிச்சிராத, பீடிங் போயிரும். நான் இப்ப வாரேன்" என்றார்.

வாழையிலை நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்து, சிங்கத்தின் இரண்டு பக்கமும் கிழித்தேன். கிழிக்கிற சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் கிழித்து என்ன பிரயோஜனம்? எஞ்சின் ஆறுகிறவரை வண்டி நகராது. பின்னால் பாலம் முழுக்க ஹாரன். அங்கிருந்தவர்கள் காரைத் தள்ளிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓரங்கட்டினார்கள். பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றினோம், ரசத்தில் பாதி என் புடவையில். அந்த நல்ல மனுஷர் கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்து ஓட்டினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸில் எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மதுரைக்காரப் பையன் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் நகர்ந்துபோனான். சாப்பாட்டுப் பொறுப்பிலிருந்த அம்மாள் என்னைக் கடிந்துகூடப் பேசவில்லை. "சாப்பாடு நல்லா இருந்நு சேச்சி. பக்ஷே உச்சைக்குள்ள ஊணு உச்சைக்குக் கிட்டணும். வேற ஆளைப் பாத்தாச்சு" என்றாள். மத்தியானச் சாப்பாடு மத்தியானம் வரவேண்டும் என்பவளிடம் என்ன சண்டை போடுவது? கார் நின்றுவிட்டது என்று சொன்னேன். எதனால் என்று அவள் கேட்டாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ரேடியேட்டர் என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைத் திரும்ப ஏற்றினேன்.

பாலத்துக்கு வந்தால், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இவர் கார் முன்னால் குந்தியிருந்தார். மீன் வண்டிக்காரர்கள் ரெண்டு பேருக்கு, ரேடியேட்டர் பழசு, கிரில்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். கிழிந்த வலையை விரலால் நீவிவிட்டு, "ஒரு வாரம் கஷ்டப்பட்டேன் தெரியுமா?" என்றார். கத்தியைக் கையிலெடுக்காமல் வண்டியை எடுத்தேன். காற்று பட்டதும் ஒழுங்காக ஓடிற்று.

வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றார். இலை போட்டேன். ஒரு ஆபீஸுக்குச் செய்த சாப்பாடு இருக்கிறதே, குறையென்ன? சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, முருங்கைக்காயைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார். மறுபடி சோறு கேட்டார். வறுவல் கேட்டார். பாயசத்தை வழித்து நக்கினார். அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த ஒரு வாரத்துல இன்னைக்குத்தான் பிரமாதம்" என்றார். "சாப்பிட்டவங்க என்ன சொன்னாங்க?"

யாரும் சாப்பிடவில்லை என்றேன். இனிமேல் அங்கே போகவேண்டியதில்லை, திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடியும் ஹோட்டலுக்குத்தான் போகவேண்டும் என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப ராத்திரிக்கும் இதையே வெச்சுக்கலாம்" என்றார்.