பின்னால் வந்தவர் சொல்ல வந்தது

போன வாரம் ஒரு மனிதரை நடுரோட்டில், நாலு பேர் முன்னால், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதைச் சொல்லாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

கும்பகோணத்திலிருந்து வலங்கைமானுக்கு, மைத்துனர் வீட்டுக்கு, மனைவியோடு காரில் போய்க்கொண்டிருந்தேன். குறுவை அறுவடை நேரம். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு நெல்லுக்கு. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ரோட்டை விட்டால் எங்கே காயவைப்பார்கள்?

நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மா சட்டென்று குறுக்கே வந்துவிட்டார். பிரேக் போட்டேன். பின்னால் ‘தடார்’! ஒரு மொபெட் நெல்லின்மேல் சறுக்கிக் கிடந்தது. ஓட்டி வந்தவர் தொப்பி போட்ட ஒரு பாய். முழங்கையில் ரத்தம். நெல்லெல்லாம் சிதறி, மண்ணோடு கலந்து...

இறங்கினேன். அடிபட்டதா என்றா கேட்டேன்? இல்லை.

“கண்ணு எங்கய்யா இருக்கு? இடைவெளி விட்டு வரணும்னு தெரியாதா?”

“சார், உங்க வண்டி பின்னால—”

“என் வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. நீ பாத்து ஓட்டு!”

“அதில்லைங்க சார்—”

“எதிர்த்துப் பேசாதே!”

வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். “சார் சொல்றது சரிதானே? நெல்லைப் பாழாக்கிட்டீங்களே பாய்” என்று அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர் அடிபட்ட கையாலேயே நெல்லைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார். நான் கிளம்பினேன் — ஏதோ சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடத்தி முடித்த பெருமையோடு!

மைத்துனர் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்தேன். மேகம் கட்டி இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் வெள்ளைச் சுவர். பிரேக்கை மிதிக்கிறேன்... சுவரில் சிவப்பே விழவில்லை. மனைவியைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

“மிதிங்க.”

“மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

“அப்ப எரியலைங்க. ரெண்டுமே.”

விளக்கு மூடியைக் கழற்றினேன். இடது பல்பு கருகிப் போயிருந்தது, எத்தனை மாதமாகவோ! வலது பல்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது உட்காரும் ஹோல்டரில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. காரணம்? வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பம்பு செட்டில் காரை நிறுத்தி, தண்ணீர்க் குழாயை நேரே விளக்கில் பிடித்துக் கழுவுகிறவன் நான்தான். மறுநாள் அதே விளக்குக்குச் சந்தனம், குங்குமம் வேறு! பொட்டு வைத்தேனே தவிர, எரிகிறதா என்று ஒருநாளாவது பார்த்தேனா?

உப்புத்தாளால் ஹோல்டரைத் தேய்த்தேன். கடைத்தெருவில் புது பல்பு வாங்கி வந்து, அழுத்தித் திருப்பி மாட்டினேன். எரிந்தது. சிரமமான வேலையே இல்லை.

“அந்த மனுஷன் ரெண்டு தடவை சொல்ல வந்தாரு” என்றாள் மனைவி.

மைத்துனர் கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். காரைத் திருப்பினேன்.

நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடியிருந்தார்கள். மழைக்குப் பயந்து எல்லாரும் போயாயிற்று. அந்த அம்மா மட்டும் படுதாவின் ஓரத்தில் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த பாய் எங்கம்மா?”

“நெல்லை அள்ளிக் குடுத்துட்டு அப்பவே போயிட்டாருங்க. எந்த ஊருன்னு தெரியலை. ‘அந்த சார் திரும்பி இந்த வழியா வந்தா நிறுத்திச் சொல்லிடுங்கம்மா, பின்னால பிரேக் லைட்டு எரியலை, லாரிக்காரன் எவனாவது இடிச்சிடப் போறான்’னு சொல்லிட்டுப் போனாருங்க.”

கூனிக் குறுகிப் போனேன். தப்பு என்னுடையதுதான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். “சரி, பாத்துப் போங்க” என்றார். அவருக்கு மழைக் கவலை.

முன்விளக்கு எரிவது நமக்கே தெரியும். பின்விளக்கு? பின்னால் வருகிறவர் சொன்னால்தான் உண்டு. அவர் வாயை அடைத்துவிட்டு, நான் ஒழுங்காகப் போகிறேன் என்று எத்தனை தூரம் போயிருக்கிறேனோ...

நாலு பேர் முன்னால் திட்டியவன், மன்னிப்பையும் நாலு பேர் முன்னால்தானே கேட்க வேண்டும்? திரும்பிப் போனபோது அங்கே அந்த நாலு பேர் இல்லை. அதனால்தான் உங்களைக் கூட்டியிருக்கிறேன்.

பாய், சொல்லுங்க... இப்போது கேட்டுக்கொள்கிறேன்.